மன்னிப்பும் பொதுமன்னிப்பும்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு பட்டிமன்றத்தில் பேசினேன். தலைப்பு: 'சமூக அமைதிக்குப் பெரிதும் தேவை மன்னிப்பா, நீதியா?' நான் மன்னிப்பு அணி. எதிரணிப் பெண் மனுநீதிச் சோழனின் தேர்க்காலையும் கண்ணகியின் சிலம்பையும் எடுத்துப் போட்டு அரங்கைக் கைக்குள் வைத்திருந்தாள். அதற்கு மேல் எனக்கு ஒன்று தேவைப்பட்டது. தேடியதில் அயர்லாந்துக்காரர் ஒருவரின் கதை கிடைத்தது.

1987 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வட அயர்லாந்தின் எனிஸ்கிலன் என்ற சிறு நகரம். போர்களில் இறந்தவர்களுக்கு அஞ்சலி செலுத்த நினைவுச்சின்னத்தின் அருகே மக்கள் கூடியிருக்கிறார்கள். ஐஆர்ஏ வைத்த குண்டு வெடித்து, பக்கத்துச் சுவர் கூட்டத்தின் மீது சரிகிறது. 11 பேர் சாகிறார்கள். துணிக்கடை வைத்திருந்த கார்டன் வில்சன் தன் மகள் மேரியின் கையைப் பிடித்தபடி இடிபாட்டுக்குள் கிடக்கிறார். மேரிக்கு வயது 20, செவிலியர். அவள் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு பிபிசிக்குக் கொடுத்த பேட்டியில், கொன்றவர்கள் மேல் தனக்குக் காழ்ப்பில்லை, அவர்களுக்காகப் பிரார்த்திப்பேன் என்று அந்தத் தகப்பன் சொல்கிறார்.

இதைச் சொல்லி முடித்துவிட்டு ஐந்து நொடி சும்மா நின்றேன். நடுவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் அணி ஜெயித்தது. பரிசாகக் கிடைத்த கேடயம் இன்னும் அம்மா வீட்டு ஷோகேஸில் இருக்கிறது.

பல வருடங்கள் கழித்து வட அயர்லாந்து பற்றி உட்கார்ந்து படித்தபோதுதான் அந்த மேடையில் நான் செய்த காரியம் புரிந்தது. சொன்னதில் பொய் இல்லை. ஆனால் கதையின் முதல் பத்து நிமிடத்தைச் சொல்லிவிட்டு 'சுபம்' போட்டிருந்தேன். அன்று படுகாயமடைந்த பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் கோமாவில் விழுந்து, 13 ஆண்டுகள் அப்படியே கிடந்து 2000-இல் இறந்தார். 12-ஆவது சாவு அது. வில்சன் 1993-இல் ஐஆர்ஏ ஆட்களை நேரில் சந்தித்து, வன்முறையை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். வெறும் கையோடு திரும்பினார். இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். அந்தப் புகழ்பெற்ற பேட்டியில் 'மன்னித்துவிட்டேன்' என்ற சொல்லையே அவர் பயன்படுத்தவில்லை. அந்தச் சொல்லை அவர் வாயில் வைத்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் என்னைப் போன்ற பட்டிமன்றப் பேச்சாளர்களும்தான்.

*

பிரச்சினையில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் 'ஆம்னெஸ்டி' என்று சொல்வதை நாம் 'பொதுமன்னிப்பு' என்கிறோம். ஆம்னெஸ்டியின் வேர் கிரேக்கச் சொல். அதன் பொருள் மறதி. கி.மு. 403-இல் உள்நாட்டுச் சண்டை முடிந்த ஏதென்ஸில், பழைய தீங்குகளைக் கிளற மாட்டோம் என்று குடிமக்கள் சத்தியம் செய்தார்கள். 'மன்னித்தோம்' என்று அவர்கள் சொல்லவில்லை, 'பேச மாட்டோம்' என்றார்கள். தமிழில் அந்த மறதி எப்படியோ மன்னிப்பாகிவிட்டது. மன்னிப்பு என்றாலே நமக்கு உள்ளே ஏதோ இளகிவிடுகிறது. அதை எதிர்ப்பவன் கல்நெஞ்சன் ஆகிவிடுகிறான்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் அடிக்கடி புழங்கும். 'குவைத்துல பொதுமன்னிப்பு அறிவிச்சிருக்காங்களாம்.' விசா முடிந்தும் தங்கியவர்கள் அபராதம் கட்டாமல் ஊர் திரும்பலாம் என்று அர்த்தம். அங்கே அரசு தனக்கு வரவேண்டிய பாக்கியைத் தானே தள்ளுபடி செய்கிறது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. கொலைக்குப் பொதுமன்னிப்பு என்று வரும்போது அரசு தள்ளுபடி செய்வது யாருடைய பாக்கியை?

*

ஈழத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைப் படிப்பீர்கள். எழுதும் எனக்கும் அது இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்தக் கட்டுரை வட அயர்லாந்தைவிட்டு நகராது. அவசரமாக ஒப்பிடும்போது இரண்டு பக்கத்தின் விவரங்களும் மங்கிவிடுகின்றன.

கதைச் சுருக்கம் இது. 1921-இல் அயர்லாந்து பிரிக்கப்பட்டபோது வடக்கின் ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அங்கே பெரும்பான்மையினர் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுகள். சிறுபான்மையினர் அயர்லாந்தோடு சேர விரும்பிய கத்தோலிக்கர்கள். இதை மதச்சண்டை என்று சொல்லலாம், ஆனால் பைபிள் விளக்கத்துக்காக யாரும் துப்பாக்கி எடுக்கவில்லை. அங்கே மதம் நம் ஊர்ச் சாதி மாதிரி. பிறந்த வீட்டை வைத்தே எந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வேலை என்பது முடிவாகிவிடும். பெயரைக் கேட்டே 'நீ எந்த ஆளு' என்று கண்டுபிடித்துவிடுவார்கள். 1968-இல் வீடு, வேலை, ஓட்டு ஆகியவற்றில் சமத்துவம் கேட்டு கத்தோலிக்கர்கள் ஊர்வலம் போனார்கள். அடி விழுந்தது. 1969-இல் பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது. ஒரு பக்கம் ஐஆர்ஏ, இன்னொரு பக்கம் யுவிஎஃப், யுடிஏ போன்ற பிரிட்டன் ஆதரவு ஆயுதக் குழுக்கள், நடுவில் நடுவர் மாதிரி நின்றுகொண்டு தானும் சுட்ட அரசு. முப்பது ஆண்டுகளில் 3,500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பதினைந்து லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நிலத்தில் இது சின்ன எண் கிடையாது.

கொன்றவர்களின் கணக்கும் உண்டு. ஏறக்குறைய 60 விழுக்காடு ஐஆர்ஏ உள்ளிட்ட குடியரசுவாதக் குழுக்கள். 30 விழுக்காடு பிரிட்டன் ஆதரவுக் குழுக்கள். 10 விழுக்காடு அரசுப் படைகள். இந்த மூன்று எண்களையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தரப்பும் மற்ற இரண்டை மட்டும் சொல்லும்.

1998 ஏப்ரல் 10 அன்று புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தானது. மே மாதம் நடந்த வாக்கெடுப்பில் வடக்கில் 71 விழுக்காடு ஆதரவு. அதில் விழுங்க மிகக் கடினமான மாத்திரை கைதிகள் விடுதலை. போர்நிறுத்தத்தை ஏற்ற இயக்கங்களைச் சேர்ந்த எல்லோரும் இரண்டே ஆண்டில் வெளியே வரலாம். 400-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். கணவனைக் கொன்றவன் அதே ஊர்க் கடையில் பால் வாங்குவதைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று தெரிந்தும் பலர் 'ஆம்' என்று ஓட்டுப் போட்டார்கள்.

இதையும் பொதுமன்னிப்பு என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு. தீர்ப்பு அப்படியே இருந்தது, தண்டனைதான் சுருங்கியது. அதுவும் நிபந்தனையோடு. 1988-இல் பெல்ஃபாஸ்ட்டின் மில்டவுன் கல்லறையில் சவ ஊர்வலத்தின் மேல் கையெறி குண்டு வீசி மூவரைக் கொன்ற மைக்கேல் ஸ்டோன் 2000-இல் விடுதலையானார். 2006-இல் வெடிபொருட்களோடு சட்டமன்றக் கட்டடத்துக்குள் நுழையப் பார்த்தார். நிபந்தனை ரத்தாகி மறுபடியும் உள்ளே போனார். மறதி என்றால் இது நடந்திருக்காது.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 1984-இல் பிரைட்டன் ஓட்டலில் குண்டு வைத்து ஐந்து பேர் சாவுக்குக் காரணமான பேட்ரிக் மகீயும் இந்த ஏற்பாட்டில் 1999-இல் வெளியே வந்தவர். அந்த வெடிப்பில் இறந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஆன்டனி பெரியின் மகள் ஜோ பெரி மறு ஆண்டே அவரைத் தேடிப்போய்ச் சந்தித்தார். அதன் பிறகு இருவரும் பல மேடைகளில் ஒன்றாகப் பேசியிருக்கிறார்கள். மன்னிப்பா அது, வேறு ஏதாவதா என்பது அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ள விஷயம். ஆனால் அந்தச் சந்திப்பு நடக்க ஒரு வசதி இருந்தது. யாரைத் தேடிப் போகவேண்டும் என்பது ஜோ பெரிக்குத் தெரிந்திருந்தது. நீதிமன்றம் அந்தப் பெயரை 1986-இலேயே சொல்லிவிட்டது.

*

பெயர் தெரியாதவர்கள், உடலே கிடைக்காதவர்கள் கதை வேறு.

மோதல் காலத்தில் கடத்திக் கொல்லப்பட்டு, ரகசியமாகப் புதைக்கப்பட்டவர்களை அங்கே 'காணாமலாக்கப்பட்டவர்கள்' என்கிறார்கள். அதிகாரப்பூர்வப் பட்டியலில் 17 பேர். பெரும்பாலும் ஐஆர்ஏ செய்தது. அதிகம் அறியப்பட்ட பெயர் ஜீன் மக்கொன்வில். கணவனை இழந்தவர், பத்துப் பிள்ளைகளின் தாய். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்ட் அடுக்குமாடி வீட்டிலிருந்து பிள்ளைகளின் கண்முன்னே இழுத்துச் செல்லப்பட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு விடுதிக்குப் பிரித்து அனுப்பப்பட்டார்கள். அம்மா ஓடிப்போய்விட்டாள் என்று ஊர் பேசியது.

1999-இல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து ஒரு ஆணையத்தை அமைத்தன. வேலை ஒன்றே ஒன்று: உடல்களைக் கண்டுபிடிப்பது. புதைத்தவர்களோ விவரம் அறிந்தவர்களோ இடத்தைச் சொல்லலாம். யார் சொன்னது என்பது வெளியே வராது. சொன்ன தகவலை எந்தக் குற்ற வழக்கிலும் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது. கிடைக்கும் எலும்புகளில் யார், எப்படி இறந்தார் என்பதற்கு மேல் தடயம் தேடக்கூடாது.

அந்த மே மாதமே லவுத் மாவட்டத்தில் ஃபாஹர்ட் என்ற இடத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு புதுச் சவப்பெட்டி தரைமேல் வைக்கப்பட்டிருந்தது. உள்ளே 1975-இல் காணாமல் போனவரின் எலும்புகள். இரவோடு இரவாகக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பிறகு வருடக்கணக்கில் சதுப்பு நிலங்களில் தோண்டல் நடந்தது. அது மேலே புல்லும் அடியில் கறுத்த சேறுமாக இருக்கும் மண். அடையாளம் சொன்னவருக்கு வயதாகியிருக்கும், அவர் சொன்ன மரம் விழுந்திருக்கும், பாதை மாறியிருக்கும். இருந்தும் 17 பேரில் 13 பேர் கிடைத்தார்கள். ஒருவர் பிரான்ஸ் நாட்டுக் காட்டில் 2017-இல் கிடைத்தார். மொனஹன் மாவட்டத்தின் பிராகன் சதுப்பில் 1975-இல் காணாமல் போன 19 வயதுப் பையனுக்காகத் திரும்பத் திரும்பத் தோண்டியிருக்கிறார்கள். அவன் அம்மா 2007-இல் இறந்தார்.

மக்கொன்வில்லின் உடல் இந்த ஏற்பாட்டில் கிடைக்கவில்லை. ஐஆர்ஏ காட்டிய இடத்தில் தோண்டியும் பயனில்லாமல், 2003-இல் கடற்கரையில் நடந்து போனவர்கள் கண்ணில் தற்செயலாகப் பட்டது. அதனாலேயே அவர் வழக்குக்கு ஆணையத்தின் பாதுகாப்பு பொருந்தவில்லை, வழக்கு திறந்தே இருந்தது. ஆனாலும் இன்றுவரை அந்தக் கொலைக்கு ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இந்த ஆணையமும் ஒருவகை விலக்குதான். கொன்றவன் வாய் திறந்தாலும் அந்தப் பேச்சை வைத்து அவனைப் பிடிக்க முடியாது. அதைக் குடும்பங்கள் ஏற்றுக்கொண்டன. ஏன்? நான் புரிந்துகொண்டது இது. அவர்கள் கொடுத்த விலைக்கு ஈடாக அவர்கள் கையில் ஒரு பொருள் வந்து சேர்ந்தது. எலும்பு, பெட்டி, பூசை, கல்லில் ஒரு பெயர். இன்னொன்று, தகவலுக்குத்தான் பாதுகாப்பே தவிர குற்றத்துக்கு இல்லை. வேறு வழியில் ஆதாரம் கிடைத்தால் வழக்குப் போடலாம். கதவு சாத்தப்பட்டிருந்தது, செங்கல் வைத்து அடைக்கப்படவில்லை.

*

செங்கல் வைத்து அடைக்கும் முயற்சி லண்டனிலிருந்து வந்தது.

2021 மே 11 அன்று பெல்ஃபாஸ்ட்டில் ஒரு மரண விசாரணையின் முடிவு வாசிக்கப்பட்டது. 1971 ஆகஸ்டில் பாலிமர்ஃபி பகுதியில் மூன்று நாட்களில் பத்துப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். அவர்களில் ஒரு பாதிரியாரும் எட்டுப் பிள்ளைகளின் தாயும் உண்டு. துப்பாக்கி ஏந்தியவர்கள் என்று ராணுவம் அப்போது சொன்னது. ஐம்பது வருடமாகப் பிள்ளைகள் 'தீவிரவாதியின் மகன்', 'தீவிரவாதியின் மகள்' என்ற பெயரோடு வாழ்ந்தார்கள். நீதிபதி சியோபன் கீகன் அன்று சொன்னார்: பத்துப் பேரும் முற்றிலும் அப்பாவிகள். ஒன்பது பேர் சாவுக்கு ராணுவமே பொறுப்பு. பத்தாவது நபரைச் சுட்டது யார் என்று உறுதியாகச் சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

அது வழக்குகூட இல்லை. யாருக்கும் ஒருநாள் சிறை கிடையாது. வெறும் மரண விசாரணை. ஆனால் அந்தக் குடும்பங்கள் நீதிமன்றத்துக்கு வெளியே கட்டிப்பிடித்து அழுததைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பட்டிமன்றத்து எதிரணிப் பெண் நினைவுக்கு வந்தாள். கண்ணகி சபைக்குப் போனது முதலில் எதற்காக? பாண்டியனைத் தண்டிக்க அல்ல, 'என் கணவன் கள்வன் அல்லன்' என்று நிரூபிக்க. சிலம்பை உடைத்தாள், மாணிக்கப்பரல் தெறித்தது, அரசனின் வாயாலேயே உண்மை வந்தது. மதுரை எரிந்ததை நினைவு வைத்திருக்கும் நாம் அதற்கு முன்னால் நடந்த அந்த விசாரணையை மறந்துவிடுகிறோம்.

அதே நாளில், அதே 2021 மே 11-இல், லண்டன் நாடாளுமன்றத்தில் அரசி வாசித்த உரையில் மோதல் காலக் கொலைகளைப் பற்றிய புதிய சட்டம் வரும் என்று அறிவிக்கப்பட்டது. அது 2023 செப்டம்பரில் நிறைவேறியது. அதன் பெயரில் 'நல்லிணக்கம்' என்ற சொல் இருந்தது. சாராம்சம்: 1998-க்கு முந்தைய மோதல் தொடர்பான கொலைகளைக் காவல்துறை இனி விசாரிக்காது. 2024 மே 1-க்குள் முடியாத மரண விசாரணைகள் நிறுத்தப்படும். புதிய சிவில் வழக்குகள் கிடையாது. எல்லாம் ஒரு புதிய ஆணையத்திடம் போகும். அதன் முன் தனக்குத் தெரிந்தவரை உண்மையைச் சொன்னதாக ஏற்கப்படுபவருக்கு வழக்கிலிருந்து விலக்கு கொடுத்தே ஆகவேண்டும்.

நெடுங்காலமாக எதிலும் ஒத்துப்போகாத வட அயர்லாந்தின் பெரிய கட்சிகள் எல்லாம் இதை எதிர்த்தன. ஐஆர்ஏவால் தகப்பனை இழந்தவரும் ராணுவத்தால் தம்பியை இழந்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். 'பாருங்கள், இரு சமூகங்களையும் ஒன்று சேர்த்துவிட்டோம்' என்று அரசு கசப்பாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கலாம். அயர்லாந்து அரசு பிரிட்டன் மேல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1997-இல் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண்ணும் வேறு சிலரும் தொடுத்த வழக்கில், 2024 பிப்ரவரியில் பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் இந்த விலக்கு மனித உரிமை உடன்படிக்கைக்குப் பொருந்தாது என்றது. பிறகு லண்டனில் ஆட்சி மாறியது. 2025 செப்டம்பரில் இரு அரசுகளும் புதிய ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டன. அடுத்த மாதமே பழைய சட்டத்தின் பெரும்பகுதியை நீக்கும் மசோதா தாக்கலானது.

*

இதையெல்லாம் நண்பன் ஒருவனிடம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் வக்கீல். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அம்பது வருஷம் ஆச்சு. எத்தன காலத்துக்குத்தான் தோண்டிட்டே இருப்பாங்க?" என்றான்.

அவன் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. 1972 ஜனவரி 30, டெர்ரி நகரின் ரத்த ஞாயிறு. ஊர்வலத்தில் போனவர்கள் மேல் ராணுவம் சுட்டதில் அன்று 13 பேர் இறந்தார்கள், பிறகு இன்னொருவர். அவசர விசாரணை ஒன்று ராணுவத்தைக் கழுவிவிட்டது. 1998-இல் தொடங்கிய சாவில் விசாரணைக்கு 12 ஆண்டும் ஏறக்குறைய 20 கோடி பவுண்டும் ஆனது. 2010-இல் பிரதமர் டேவிட் கேமரூன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அந்தச் சூடு எந்த வகையிலும் நியாயமற்றது என்று சொல்லி அரசின் சார்பில் வருத்தம் கேட்டார். அதன் பிறகு 'சோல்ஜர் எஃப்' என்று மட்டும் அழைக்கப்பட்ட ஒரு முன்னாள் வீரர் மேல் கொலை வழக்கு. 2025 அக்டோபரில் தீர்ப்பு: குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஓடிக்கொண்டிருந்த நிராயுதபாணிகளை வீரர்கள் சுட்டார்கள் என்று நீதிபதியே சொன்னார். ஆனால் இந்த ஒருவர் சுட்டார் என்பதற்கு அரை நூற்றாண்டுப் பழைய வாக்குமூலங்கள் போதவில்லை. சட்டப்படி அது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆதாரம் இல்லாமல் தண்டிப்பது நீதி ஆகாது.

"பாத்தியா, கடைசில என்ன கெடைச்சுது?" என்றான் நண்பன். "எழுபது வயசுக் கெழவன் கோர்ட்டு படியேறுனான், அவ்வளவுதான். ஐஆர்ஏகாரன் ரெண்டு வருஷத்துல வெளிய வந்துட்டான். அவன் பக்கத்துலேர்ந்தும் யோசி."

யோசித்தேன். அந்த முதியவர்களின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. தலைமறைவாக இருந்த குடியரசுவாதிகள் ஏறத்தாழ 200 பேருக்கு 'உங்களைத் தேடவில்லை' என்று அரசு ரகசியமாகக் கடிதம் கொடுத்திருந்தது. 1982-இல் லண்டன் ஹைட் பார்க்கில் நான்கு வீரர்களைக் கொன்ற குண்டு தொடர்பான வழக்கு, அப்படி ஒரு கடிதம் தவறுதலாக அனுப்பப்பட்டதால் 2014-இல் சரிந்தது. ஒப்படைக்கப்பட்ட ஆயுதங்களில் தடயச் சோதனை செய்யக்கூடாது என்று 1997-லேயே சட்டம் வந்தது. ஆக, அங்கே அமைதி சில்லறை சில்லறையாகப் பல விலக்குகளைக் கொடுத்துத்தான் வாங்கப்பட்டது. சுத்தமான நீதியின் கையில் அமைதி வந்ததாக நான் சொன்னால் அதுவும் ஒரு பட்டிமன்றப் பேச்சுதான்.

ஆனால் நண்பன் கணக்கில் ஒன்று விடுபட்டிருந்தது. ஐஆர்ஏகாரன் இரண்டு வருடத்தில் வெளியே வந்தான் என்றால், அதற்கு முன் அவன் உள்ளே போயிருந்தான். பெயர் தெரிந்து, வழக்கு நடந்து, தீர்ப்பு எழுதப்பட்டு. சிறைக்குப் போன ஆயுதக் குழுவினர் ஆயிரக்கணக்கில். பணியில் இருந்தபோது செய்த கொலைக்காகத் தண்டிக்கப்பட்ட ராணுவ வீரர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். உடன்படிக்கைக்குப் பின் 2022-இல்தான் முதல் முறையாக ஒரு முன்னாள் வீரர், 1988-இல் ஓர் இளைஞரைச் சுட்டதற்காக, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார். அதுவும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை.

வீரனைவிடப் பெரிய ஆள் அவனுக்குப் பின்னால் நிற்கிறான். 1989-இல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டு மேசையில் குடும்பத்தின் கண்முன் 14 தோட்டாக்களால் கொல்லப்பட்ட வழக்கறிஞர் பேட் ஃபினுகேன் வழக்கில், கொலையாளிகளோடு அரசு ஆட்கள் கூட்டு வைத்திருந்ததை அரசே ஏற்றுக்கொண்டது. முழுப் பொது விசாரணைக்கு 2024 செப்டம்பர் வரை அவர் மனைவி காத்திருக்கவேண்டியிருந்தது. ஐஆர்ஏவுக்குள் இருந்த 'ஸ்டேக்நைஃப்' என்ற அரசின் உளவாளி பற்றிய கெனோவா விசாரணை 2024-இல் இடைக்கால அறிக்கை தந்தது. அவரால் காப்பாற்றப்பட்ட உயிர்களைவிடப் போன உயிர்களே அதிகமாக இருக்கும் என்றது அது. அவரை நடத்தியது அரசு. 2023 சட்டத்தை எழுதியதும் அரசு. தன் மீதான கோப்பை மூட அது தானே ஆணை எழுதி, அதற்கு நல்லிணக்கம் என்று பெயரும் வைத்தது.

தென்னாப்பிரிக்காவிலும் உண்மை சொன்னவர்களுக்கு விலக்கு கொடுத்தார்களே என்று கேட்கலாம். கொடுத்தார்கள். கொடூரக் குற்றங்களுக்கு விலக்கு கேட்டவர்கள் பொது அரங்கில் ஊர் பார்க்க வந்து பேசவேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் குறுக்குக் கேள்வி கேட்கலாம், விலக்கை எதிர்க்கலாம். 7,000-க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. அப்படியும் அங்கே பல குடும்பங்கள் இன்றுவரை ஆறவில்லை. லண்டன் சட்டத்தில் இந்தக் கட்டாயங்கள் எதுவும் இல்லை. கொன்றவன் மூடிய அறையில் சொல்வான், ஆணையம் தலையாட்டும், குடும்பத்துக்குத் தபால் வரும்.

எனக்கு இப்போது தெளிவாக இருப்பது இவ்வளவுதான். மன்னிப்பா நீதியா என்று தலைப்பு வைத்ததே தவறு. இரண்டும் எதிரெதிர் அணி இல்லை. மன்னிப்பு இழந்தவர்களின் சொத்து, அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் இஷ்டம். பொதுமன்னிப்பு அரசின் கையில் இருக்கும் பேனா. சில நேரம் அந்தப் பேனாவால் கையெழுத்துப் போடத்தான் வேண்டியிருக்கும். 1998-இல் போட்டார்கள், அதனால் இன்று உயிரோடு இருப்பவர்கள் பலர். போடும்போது பார்க்கவேண்டியது, எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதை. ஓர் எலும்பா, ஒரு பெயரா, 'உன் அம்மா அப்பாவி' என்ற ஒரு வரியா? எதுவும் இல்லையென்றால் அங்கே நடப்பது ஏதென்ஸ்காரர்கள் சொன்ன மறதிதான். அதிலும் ஏதென்ஸ்காரர்கள் தாங்களே சத்தியம் செய்தார்கள். இங்கே குடும்பங்களின் வாயைப் பொத்தி வேறு யாரோ செய்கிறார்கள்.

*

போன மாதம் சித்தி மகள் போன் செய்தாள். அவள் கல்லூரியில் பட்டிமன்றமாம். கிட்டத்தட்ட அதே தலைப்பு. இருபது வருடத்தில் தலைப்புகூட மாறவில்லை.

"அண்ணா, எனக்கு மன்னிப்பு அணி. நீ பேசி ஜெயிச்சியாமே, அம்மா சொன்னாங்க. அந்தக் கதைய எனக்குச் சொல்லேன்."

சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை, நினைவுச்சின்னம், சரிந்த சுவர், அப்பா, மகளின் கை. பேட்டி. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் அடுத்ததைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளே கேட்டாள்.

"குண்டு வெச்சது யாருன்னு கண்டுபிடிச்சாங்களா?"

"இல்லம்மா. ஐஆர்ஏ ஒத்துக்கிச்சு. ஆனா ஆள் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தண்டனை கெடைக்கல."

"அப்ப அவர் யாரத்தான்ணா மன்னிச்சாரு?"

இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. நடுவருக்கும் தோன்றவில்லை. மேடையிலும் இதைக் கேள் என்றேன். "நம்ம அணிக்கு எதிராப் போயிடுமேண்ணா" என்றாள். போனால் போகட்டும் என்றேன்.